பெஞ்சில் காத்திருந்த பதில்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. இணையத்தில் பொதுமக்கள் எழுதி அனுப்புவதைப் படித்துப் பார்த்து, வெளியே விடலாமா கூடாதா என்று முடிவு செய்வதுதான் அவர்கள் வேலை. இனி அதை ஒரு மென்பொருளே பார்த்துக்கொள்ளுமாம். நான் ஓய்வு பெற்ற வருஷம் புதிதாகச் சேர்ந்த அனுஷாதான் இப்போது அங்கே தலைவி. "ஆன்டி, இந்த வேலைய மொதமொதல்ல பார்த்தவங்க நீங்கதான். மெஷின் உங்கள விட நல்லா செய்யுமா? சும்மா சொல்லுங்க லா" என்று கேட்டிருந்தாள்.

பொய்யையும் வசவையும் மெஷின் பிடித்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் வேலைக்காலத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய பதிவில் பொய்யும் இல்லை, வசவும் இல்லை. எழுதியிருந்தது அத்தனையும் உண்மை. அந்தக் கதையைக் கைப்பேசியில் தட்ட விரல்கள் ஒத்துழைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ரகம். அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நானும் தங்கை பிலோமினாவும் வளர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தும்கூட, தண்டவாளம் சரியாக மாறியிருக்குமா என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அவருடைய மூக்கு பிலோவுக்குப் போனது, பதற்றம் எனக்கு வந்தது.

எழுபதுகளில், படிப்பு முடிந்ததும் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டெலெக்ஸ் இயந்திரத்தில் செய்தி தட்டி அனுப்பும் வேலை கிடைத்தது. அங்கே கற்றுக்கொண்டதில் பாதி இப்போது எதற்கும் உதவாது. ஒன்று மட்டும் உதவியது. ஒருநாள் போட்டி ஏஜெண்டிடமிருந்து சிநேகமாக ஒரு செய்தி வந்தது. எங்கள் கப்பலின் பெயர், அது வந்து சேரும் நாள் எல்லாம் சரியாகப் போட்டு, ரப்பர் ஏற்றப் போகிறீர்களாமே, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து மேசை லில்லி சிரித்துக்கொண்டே, ரப்பர் இல்லை, செம்பனை எண்ணெய் என்று பதில் தட்டிவிட்டாள். அடுத்த வாரம் அந்த எண்ணெய்ச் சரக்கு போட்டிக்காரனின் கப்பலில் ஏறியது.

தலைமைக் கிளார்க் லில்லியைத் திட்டவில்லை. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "கேட்டா நாம சொல்ல மாட்டோம்னு அவனுக்குத் தெரியும். தப்பா சொன்னா திருத்தாம இருக்க மாட்டோம்னும் தெரியும். கப்பல் பேரு, நாளு எல்லாம் கரெக்டா வச்சிருந்தான் பாருங்க. ஒண்ணுமே தெரியாதவனுக்கு அது மட்டும் எப்படித் தெரியும்?"

எண்பதுகள் முழுக்கக் கணினி அறையில் நாடா மாற்றுவதிலும் அச்சுத்தாள் கிழிப்பதிலும் ஓடின. குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன் என்பதைத் தவிர அதில் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இயங்கிய ஆய்வு அலுவலகத்துக்கு மாறினேன். வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பேசக்கூடிய பொது மன்றம் ஒன்றை அவர்கள் தொடங்கியிருந்தார்கள். தொழில்நுட்பம், மின்சாரம், அரசுக் கொள்கை ஆகியவைதான் அங்கே பேச்சு. ஆங்கிலத்திலும் மலாயிலும் வாதம் நடக்கும். கோபம் வந்தால் மட்டும் சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள்.

மன்றத்துக்கு வரும் பதிவு எதுவும் நேராக வெளியே போகாது. முதலில் எங்களிடம் வந்து காத்திருக்கும். அந்த இடத்தை நாங்கள் பெஞ்ச் என்போம். பெஞ்சில் இருப்பதை ஒவ்வொன்றாக அச்செடுத்து, எங்கெல்லாம் ஒருவர் மீதோ ஒரு நிறுவனத்தின் மீதோ ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். பிறகு அதை என் மேலாளர் சொக்கலிங்கம் சாரிடம் எடுத்துப் போக வேண்டும். பெயரை மறைத்து எழுத விரும்புகிறவர் ஒரு முறையாவது எங்களுக்குப் போன் செய்து, எழுதியது நான்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மன்றத்தில் எழுதவே கூடாது. இவையெல்லாம் சார் போட்ட விதிகள்.

சொக்கலிங்கம் சார் வட்டிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. தாத்தா கிள்ளானில் ஒரு கிட்டங்கியில் வட்டிக்கடை நடத்தியவர். கணக்குப் பிள்ளையாக உட்காரச் சொன்னதற்கு, கணினி படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் இவர். ஆனால் கடைப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அச்சுத்தாளை வாங்கி, நின்றபடியே முழுவதையும் வாய்விட்டு வாசிப்பார். அவர் அறையில் நாற்காலி உண்டு, அதில் கோப்புகள்தான் உட்கார்ந்திருக்கும். வாசித்து முடித்ததும் எப்போதும் அதே இரண்டு கேள்விகள். "இது வெளிய போனா யாருக்கு நஷ்டம்? போகலேன்னா யாருக்கு நஷ்டம்?"

நான் சொல்வேன். அவர் சரி என்றும் சொல்ல மாட்டார், தவறு என்றும் சொல்ல மாட்டார். "விடு", "திருப்பு", "உட்காரட்டும்", இந்த மூன்றில் ஒன்று வரும். மின்கட்டணம் பற்றி ஈப்போவிலிருந்து ஒருவர் ஓர் அதிகாரியைக் கழுதை என்று எழுதியபோது, "கழுதைக்கு நஷ்டம், திருப்பு" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். சொல்லும்போதும் முகம் மாறவில்லை.

அந்த வருஷம் மன்றத்தில் கொதித்த விஷயம் மின்தடை. தேவை ஏறிக்கொண்டே போகிறது, தனியார் மின்நிலையங்கள் வேண்டுமா, விலையை ஏற்றினால் மக்கள் சிக்கனமாவார்களா என்று தினமும் சண்டை. பினாங்கிலிருந்து ஒரு விரிவுரையாளர் நீளநீளமாக எழுதுவார். ஓய்வு பெற்ற தோட்ட மேனேஜர் ஒருவர் எதற்கெடுத்தாலும் சூரிய சக்தி என்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் ஒருவர் இரண்டு நாள் எழுதாவிட்டால் மற்றவர், அவருக்கு உடம்புக்கு என்ன என்று எனக்குப் போன் செய்து விசாரிப்பார்.

இந்தச் சண்டைக்கு நடுவில் 'மீட்டர்' என்ற புனைபெயரில் ஒரு சிறிய பதிவு பெஞ்சுக்கு வந்தது. நீங்கள் எல்லோரும் மின்சாரம் போதாததைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் மின்சாரம் போகாத ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று அது தொடங்கியது. கிள்ளான் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி. வீட்டுக்கு வீடு ஏர்கான் வாங்கிவிட்டார்கள். கேபிள் தாங்கும் அளவைத் தாண்டியதும் மெயின் பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரத்தை நிறுத்தியது, அதுதான் அதன் வேலை. குடியிருப்பவர்கள் புகார் செய்தார்கள். புதுக் கேபிள் போடச் செலவாகும் என்பதால், பராமரிப்புக் கம்பெனி பிரேக்கரின் செட்டிங்கை ஏற்றி வைத்துவிட்டது. இப்போது டிரிப் ஆவதில்லை. கேபிள் சுவருக்குள் சூடாகிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். இவ்வளவுதான் பதிவு.

அன்று பிற்பகலே போன் வந்தது. பப்ளிக் போன், காசு விழும் சத்தம் கேட்டது.

"அக்கா, மீட்டர் பேசறேன். எழுதினது நான்தான்."

"சரி தம்பி. பேர் வேணாம். ஒரு சந்தேகம் மட்டும் கேக்கலாமா? நேரா அதிகாரிங்களுக்கே எழுதலாமே?"

"எழுதினா யார் எழுதினதுன்னு மொதல்ல எங்க கம்பெனிக்குத்தான் தெரியும். அந்த பேனல தொறந்து பார்த்தது நானும் ஒரு வயர்மேனும்தான். அந்த ஆளு ஊருக்கே போயிட்டாரு."

"கம்பெனியில சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? கம்பெனியே என் மனைவியோட அண்ணனுதுக்கா. கல்யாணத்துக்கு முன்னாலேருந்தே அங்கதான் இன்ஜினியரா இருக்கேன். இது நான்னு தெரிஞ்சா வேல மட்டும் இல்ல, வீடும் போச்சு. அவ அண்ணன விட்டுக் கொடுக்க மாட்டா."

கட்டடத்தின் பெயரைக் கேட்டேன். "வேணாங்க்கா. சொல்லிட்டா உங்களால சும்மா இருக்க முடியாது" என்றார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். நண்பர் ஒருவரின் கணினிக் கணக்கிலிருந்துதான் எழுதுகிறார், அந்தக் கணக்குக்கு நான் எதையும் அனுப்பக் கூடாது. சரி என்றேன். காசு தீர்ந்து போன் அறுந்தது.

சார் இரண்டு கேள்வியும் கேட்டு, "விடு" என்றார். பதிவு வெளியே போனது. விரிவுரையாளர் பாராட்டினார். தோட்ட மேனேஜர் நம்ப மறுத்தார். நான்தான் தூக்கத்தைத் தொலைத்தேன். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து வரும் வழியில் ஒவ்வொரு மாடிக் கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்து, வெளியே தொங்கும் ஏர்கான் பெட்டிகளை நோட்டம் விட ஆரம்பித்தேன். எதிரே வந்தவர்கள் நான் பறவை பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கும் பிலோ வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் கணவர் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நான்கு மாடிக் கட்டடம், அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். ஹாலில் ஏர்கான், பிள்ளைகள் அறையில் இன்னொன்று, இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. போன தடவை நான் வந்தபோது ஒன்றை அணைத்துத்தான் இன்னொன்றைப் போட்டார்கள்.

"ரெண்டையும் ஒண்ணா போடறே. டிரிப் ஆகாதா?" என்றேன்.

"அதெல்லாம் அப்போ. இப்பல்லாம் கரண்ட் போறதே இல்லக்கா. மேனேஜ்மெண்ட்ல ஆளு வந்து என்னமோ செஞ்சிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுல மூணு ஓடுது. சொர்க்கமா இருக்கு லா."

நண்டு என் கையில் அப்படியே நின்றது. சாப்பிட்டு முடித்து, காற்று வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனேன். கீழிருந்து மேலே ஒவ்வொரு மாடிக்கும் கேபிள் ஏறும் இடத்தைத் தகரப் பலகையால் மூடியிருந்தார்கள். அதன் மீது உள்ளங்கையை வைத்தேன். வெயில் படாத இடம், ஆனால் இஸ்திரி போட்டு ஆறிய துணியைத் தொடுவதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே பிலோவின் பிள்ளைகள் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் மீட்டர் சொன்ன கட்டடமா? தெரியாது. அவரிடம் கேட்கவும் வழியில்லை. இதுதான் என்றால், நான் எங்கே போய்ச் சொன்னாலும், யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் என் தங்கை பிள்ளைகள் அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கிறார்கள். கிள்ளானிலிருந்து வரும் பஸ்ஸில் இதையே மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

திங்கட்கிழமை பெஞ்சில் ஒரு புதுப் பெயர். 'சிட்டிசன்' என்று கையெழுத்துப் போட்டு மிகவும் மரியாதையாக ஒருவர் எழுதியிருந்தார். மீட்டர் அவர்கள் வீணாக மக்களைப் பயமுறுத்துகிறார், அப்படிப்பட்ட கட்டடங்களில் இருக்கும் மெயின் கேபிள் செம்பு, இத்தனை சதுர மில்லிமீட்டர் அளவு கொண்டது, இரண்டு மடங்கு ஏறினாலும் தாங்கும், பிரேக்கரின் செட்டிங் தொழிற்சாலையிலேயே நிலையாக வைக்கப்படுவது, யாரும் மாற்ற முடியாது. யார் மீதும் குற்றம் இல்லை, வசவு இல்லை. சார் மாநாட்டுக்குப் போயிருந்ததால், அவருக்குப் பதில் இருந்தவர் பார்த்து வெளியே விட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, விதிப்படி அது சுத்தமான பதிவு.

இரண்டாம் நாள் காலை மீட்டரின் பதில் பெஞ்சுக்கு வந்தது. அச்செடுத்துப் பென்சிலோடு படித்தேன்.

கேபிள் செம்பு அல்ல, அலுமினியம், அந்த அளவில் அது தாங்கும் பளு மிகவும் குறைவு என்று எழுதியிருந்தார். பிரேக்கரில் செட்டிங்கைத் திருப்ப ஒரு திருகு உண்டு. அதைத் தொடக் கூடாது என்பதற்காகத் தொழிற்சாலையில் சிவப்புப் பெயிண்ட் வைத்து மூடியிருப்பார்கள். நான் பார்த்தபோது அந்தப் பெயிண்ட் சுரண்டப்பட்டு, மேலே பெண்கள் பூசும் நெயில் பாலிஷ் தடவப்பட்டிருந்தது, இரண்டு சிவப்பும் ஒன்றல்ல என்று முடித்திருந்தார்.

நெயில் பாலிஷைப் படித்ததும் எனக்குப் போர்ட் கிள்ளான் நினைவு வந்தது. சிட்டிசனின் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிறகு மீட்டரின் முதல் பதிவை எடுத்து வரி வரியாக விரல் வைத்துத் தேடினேன். கேபிளின் அளவை மீட்டர் எங்கேயும் எழுதவில்லை. அப்படியானால் மீட்டரே மறுக்காத அந்த அளவு சிட்டிசனுக்கு எப்படித் தெரிந்தது? கப்பல் பெயரும் நாளும் சரி, சரக்கு மட்டும் தப்பு. லில்லிக்கு வந்த அதே வாழ்த்துச் செய்தி.

மீட்டர் என்ன மனநிலையில் இதை எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மன்றத்தில் இருந்த எல்லோருக்கும் உள்ள வியாதிதான். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கண்முன்னே ஒரு தவறான தகவல் நின்றுகொண்டிருந்தால் சோறு இறங்காது. அவரைப் பிடிக்க நினைத்தவருக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சார் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல் நின்றபடி வாய்விட்டு வாசித்தார். நான் டெலெக்ஸ் கதையையும் சொன்னேன்.

"இது வெளிய போனா யாருக்கு நஷ்டம்?"

"மீட்டருக்கு சார். வேலையும் போகும், குடும்பமும் போகும்."

"போகலேன்னா?"

"அந்த சிட்டிசன் சொன்னத நம்பி மாடி வீட்டுக்காரங்க நிம்மதியா இருந்திடுவாங்க. ஒருநாள் தீ பிடிக்கும்."

விடு, திருப்பு, உட்காரட்டும், மூன்றில் எதுவும் வரவில்லை. நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"நெயில் பாலிஷ மட்டும் வெட்டிட்டுப் போடலாமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். உடனே அவரே தலையாட்டினார். "அலுமினியம்னு சொன்னாலே போதும். அத யாரு பார்த்தான்னு அவங்களுக்குத் தெரியும்."

"சார், பண்டமாரான்ல என் தங்கச்சி இருக்கா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். இரண்டு ஏர்கான், பக்கத்து வீட்டில் மூன்று, தகரப் பலகையின் சூடு. சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று புரிந்தது. "சார், இதச் சொல்ல மீட்டர் வேணாம். பேனல தொறந்து பார்த்த ஆளே வேணாம். முன்னால டிரிப் ஆச்சு, இப்ப ஆகல, ஏன்னு கேட்டாப் போதும். அத வீட்டுல இருக்கிற யாரு வேணாலும் கேக்கலாம். என் தங்கச்சி வீட்ட வச்சி நானே கேக்கறேன். என் பேரப் போட்டு."

"நாம மன்றத்துல எழுதக் கூடாது. அந்த விதியப் போட்டதே நான்தான்."

"தெரியும் சார்."

சார் எழுந்து, கோப்புகளை எடுத்துப் பழையபடி நாற்காலியில் வைத்தார். "நாளைக்கு லீவு எடு. லீவுல இருக்கிறவங்க வெறும் பப்ளிக்தானே."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கே போனேன். வேறு எங்கே எனக்கு மோடம்? வாசலருகே பார்வையாளர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக ஒரு கணினி வைத்திருந்தோம். அதன் முன் விருந்தாளியைப்போல் உட்கார்ந்து எழுதினேன். என் தங்கை பண்டமாரானில் அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். முன்பு இரண்டு ஏர்கான் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகும். இப்போது பக்கத்தில் மூன்று ஓடினாலும் ஆவதில்லை. புதுக் கேபிள் யாரும் போடவில்லை. அப்படியானால் எது மாறியது? உங்கள் கட்டடத்திலும் இப்படித்தானா? கீழே என் முழுப் பெயர்.

சார் அதை பெஞ்சில் உட்கார வைத்தார். அச்செடுத்து நின்றபடி வாசித்தார். வார்த்தை அதிகம் என்று ஒரு முறை திருப்பியும் அனுப்பினார். இரண்டு வாக்கியம் குறைத்துக் கொடுத்தபிறகுதான் "விடு" என்றார். அன்று மதியம் என் பதிவு வெளியே போனது. மீட்டரின் திருத்தம் பெஞ்சிலேயே இருந்தது.

அடுத்த சில நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். போன் அடித்தால், யார் எடுப்பதற்கும் முன்னால் நானே ஓடிப்போய் எடுப்பேன். செராஸிலிருந்து ஒருவர், எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான் என்று எழுதினார். பிறகு கிள்ளானிலிருந்து ஒருவர், பிறகு இன்னொருவர். விரிவுரையாளர் கொள்கையை எல்லாம் விட்டுவிட்டு, பராமரிப்பு அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்று குடியிருப்பவர்களுக்கு எளிமையாக எழுதிக் கொடுத்தார். தோட்ட மேனேஜர் அதை அச்செடுத்துத் தன் மகள் வீட்டு லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். யாரோ அதன் பக்கத்தில் என் பதிவையும் ஒட்டிவிட்டார்கள். சிட்டிசன் மட்டும், கேபிள் பற்றித் தான் சொன்னதை இன்னும் யாரும் மறுக்கவில்லையே என்று மறுபடி மரியாதையாக எழுதினார். சார் அதையும் வெளியே விட்டார். அந்தப் பதிவு பதில் இல்லாமல் அனாதையாக நின்றது.

மீட்டர் போன் செய்தார். குரலில் நல்ல கோபம்.

"என்னக்கா, என் பதில் ஏன் போடல? நான் எழுதினதுல ஒண்ணாச்சும் தப்பா?"

"ஒண்ணும் தப்பில்ல தம்பி. நீங்க மொதல்ல எழுதினதுல கேபிள் அளவு போட்டீங்களா?"

"இல்லையே."

"அப்ப அந்த சிட்டிசனுக்கு அளவு எப்படித் தெரியும்?"

காசு விழுந்தது. இன்னொரு காசு விழுந்தது. பிரிக்பீல்ட்ஸில்தான் எங்கோ நின்று பேசுகிறார் போலிருக்கிறது, ரயில் போகும் சத்தம் எனக்கு ஜன்னல் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது.

"மச்சானா?" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"எனக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் நீங்க பேசாம இருங்க. கேக்க வேண்டியத இப்ப ஊரே கேக்குது."

"சரிக்கா." மறுபடி ஒரு காசு விழுந்தது. "ஆனா அது தப்புக்கா. செம்புன்னு போட்டிருக்கு. அப்படியே நிக்குது."

"நிக்கட்டும்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதிகாரிகள் வந்து பல கட்டடங்களைச் சோதித்தார்கள். பிலோவின் கட்டடத்திலும் செட்டிங் ஏற்றப்பட்டிருந்தது. அந்தத் தகரப் பலகையைக் கழற்றியபோது கேபிளின் மேலுறை பிசுபிசுவென்று இளகியிருந்ததாம். அந்தோணி அதில் ஒரு துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஆனால் அது மீட்டர் சொன்ன கட்டடம் இல்லை. அதைப் பராமரித்தது வேறொரு கம்பெனி. ஒருவர் செய்ததைத்தான் அவர் எழுதினார், நாங்களும் ஒருவரைத்தான் நினைத்துப் பயந்தோம், செய்தவர்கள் பலர்.

புதுக் கேபிள் போடும்வரை செட்டிங்கை இறக்கி வைத்தார்கள். மறுபடி டிரிப் ஆக ஆரம்பித்தது. பிலோ என்னோடு சில வாரம் சரியாகப் பேசவில்லை. "ஒன்னாலதான் ஒரு ஏர்கானோட வெந்து சாகறோம்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க" என்றாள். டிரிப் ஆகிறது என்று அவள் திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை அவளிடம் சொன்னால் இன்னும் திட்டுவாள் என்பதால் சொல்லவில்லை.

மீட்டரைப் பற்றி வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. அவர் பிடிபட்டாரா, வீட்டில் சண்டையா, நல்லபடியாக இருக்கிறாரா என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது. கணக்குக்கு எழுதக் கூடாது என்ற வாக்கு வேறு. பெஞ்சில் இருந்த அவருடைய பதிலை நான் அழிக்கவில்லை. காலையில் வந்ததும் முதல் வேலையாக அது இருக்கிறதா என்று பார்ப்பேன், பூட்டை இழுத்துப் பார்ப்பதுபோல.

மறுவருஷம், மின்சாரச் சண்டை ஓய்ந்து மன்றம் முழுக்க வேறு எதையோ பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, ஜோகூரிலிருந்து ஒரு பதிவு வந்தது. எழுதியவர் பெயர் நேசமணி, பதவி பராமரிப்பு இன்ஜினியர், ஒரு தொழிற்சாலையின் முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அடியில் இருந்தன. மனைவியோடு இங்கே மாறி வந்துவிட்டேன், இருவரும் சுகம், அக்காவுக்குத் தெரியும் என்று மேலே ஒரு வரி. அதற்குக் கீழே பதிவு. போன வருஷம் சிட்டிசன் என்பவர் எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. கேபிள் செம்பு அல்ல, அலுமினியம்.

அச்செடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். நின்றபடி வாய்விட்டு வாசித்தார். இரண்டே வரிதான், இரண்டு தடவை வாசித்தார்.

"இது வெளிய போனா யாருக்கு நஷ்டம்?"

"யாருக்கும் இல்ல சார்."

"போகலேன்னா?"

"அவருக்கு சோறு இறங்காது."

"விடு" என்றார்.

மேல் வரியை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விட்டேன். மன்றத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தோட்ட மேனேஜர் மட்டும், எந்தக் கேபிள் என்று கேட்டு எழுதியிருந்தார். அன்று மாலை, பெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்திருந்த பழைய பதிலை அழித்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினேன். தெருமுனை வரை போனேன். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை.